கடல் சுற்றி வந்த பாட்டு

நம் கல்லூரி மலருக்குப் பழைய மாணவன் என்ற முறையில் ஏதேனும் எழுதுமாறு ஆசிரியர் பணித்தபோது, யான் முதலில் எண்ணிய பொருள் வேறு. துறைமுகச் சரக்குக் கணக்கில் முப்பத்தைந்து ஆண்டு கழித்தவன் ஆதலின், கப்பல்களைப் பற்றி எழுதுவதே எனக்குத் தகும் என்று நண்பரும் கூறினர். ஆயினும் சில ஆண்டுகளாக என் நெஞ்சை விட்டகலாத செய்தி ஒன்று உளது. அஃது ஒரு பாட்டைப் பற்றியது. பன்னூறு முறை செவியில் விழுந்தும் அப்பாட்டைக் கேளாதிருந்த என்னைப் பற்றியது. நரைத்த தலையினன் ஒருவன் ஆட்டப்பாட்டைக் குறித்து எழுதப் புகுந்தானே என்று இளைஞர் நகைக்கலாம். நகைப்பினும் இறுதிவரை படித்தருள்க.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டதை யாவரும் அறிவர். யான் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு அணித்தாகக் குடியிருப்பவன். சரக்குப் பெட்டிகளை ஏற்றிய லாரிகள் துறைமுக வாயிலை நோக்கி இரவும் பகலும் வரிசை நிற்கும் ஊர் எங்கள் ஊர். அவ்விரைச்சலில் உறங்கிப் பழகியவனுக்கு, இரைச்சல் குறைந்ததும் உறக்கமும் உடன் குறைந்துவிட்டது. நள்ளிரவில் புரண்டு புரண்டு படுத்துத் தலைக்குமேற் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதனைக் கண்ட என் மகன், "சும்மா படுத்திருப்பதற்கு இதையாவது கேளுங்கள் அப்பா" என்று சொல்லித் தன் பழைய கைப்பேசியில் இணைய வானொலியைத் திறந்து, இயர்போனை என் காதிற் செருகிவிட்டுப் போனான்.

வானொலி என்று பெயரேயொழிய இது வானில் வருவதன்று. எங்கள் இளமையில் கேட்ட இலங்கை வானொலி உண்மையிலேயே வானில் வந்தது. சிற்றலையில் அது தோன்றி மறையும். அலை ஏறுவதும் இறங்குவதும்போலப் பாட்டும் ஏறியிறங்கும். மழை நாளில் இடியும் உடன் பாடும். 1952ஆம் ஆண்டு முதற்கொண்டு அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கிவைத்த காலத்தில், கொழும்பிலிருந்து வந்த பாட்டுக்களே தமிழ்நாட்டிற்கு விருந்தாயின. 1957ஆம் ஆண்டு விவிதபாரதி தோன்றிய பின்னரும் எங்கள் தெருவில் கொழும்பின் மவுசு குன்றவில்லை. இணைய வானொலியோ அங்ஙனமன்று. ஒலியை எண்களாக்கி, எண்களைச் சிறு சிறு பொட்டணங்களாகக் கட்டி, கடலடியிற் கிடக்கும் கம்பிவடங்களின் வழியே அனுப்புகின்றனர். சென்னைக் கரையில் அத்தகைய வடங்கள் பல ஏறுகின்றன. 2002ஆம் ஆண்டு சிங்கப்பூரோடு பிணைத்தது ஒன்று. 2005ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் மார்சேய் வரை இணைத்தது மற்றொன்று. வானொலி நிலையமொன்று தன் ஒலிபரப்பை இணையத்தில் அனுப்பும் வழக்கம் 1994ஆம் ஆண்டு வட கரோலினாவிலுள்ள பல்கலைக்கழக மாணவர் நிலையமொன்றில் தொடங்கிற்று என்பதை நம் மாணவர்கள் அறிந்தால் மகிழ்வர். இப்பொழுது லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், டில்லி என எங்கணும் இத்தகைய நிலையங்கள் உள. லண்டனில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற என்.டி.எஸ். என்பது அவற்றுட் பேர்பெற்றது. இந்நிலையங்களில் அறிவிப்பாளர் தாம் விரும்பியதைத் தாமே தேர்ந்து ஒலிபரப்புவர். விளம்பரக்காரர் கட்டளை பெரும்பாலும் இல்லை. தாம் தேடிப்பிடித்த பழந்தட்டுக்களை ஒருமணி நேரமோ இருமணி நேரமோ ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுநடுவே அவற்றின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போவர்.

அவ்வாறு யான் கேட்கப் புகுந்ததுதான் ஃபங்க் என்னும் அமெரிக்கக் கருப்பர் இசை.

இச்சொல்லின் பிறப்பைக் கேட்டால் தமிழர்க்கு ஒரு வியப்புண்டு. ஆங்கிலத்தில் அது வியர்வை முதலியவற்றின் கெட்ட வாடையைக் குறித்த சொல். ஆடிப்பாடிக் களைத்த உடம்பின் வாடையே உழைப்பின் வாடை, உண்மையின் வாடை என்று கருப்பு இசைவாணர் அதனைப் பெருமைச் சொல்லாக்கிக்கொண்டனர். நம் மொழியில் நாற்றம் என்னும் சொல் பண்டு நறுமணத்தைக் குறித்து, இன்று முகஞ்சுளிக்கும் வாடைக்கு இறங்கிவிட்டது. அவர்களுடைய சொல் கீழிருந்து மேலேறிற்று. நம்முடையது மேலிருந்து கீழிறங்கிற்று. காசிமேட்டு மீன்வாடையும் எண்ணூர்ப் புகைவாடையும் உடுப்பில் ஏறிய நிலையில் நம் கல்லூரிக்கு மின்சார ரயிலேறி வந்த எனக்கு, இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றவில்லை.

அவ்விசையின் இலக்கணம் எளிது, வாசிப்பது அரிது. மேனாட்டு மெல்லிசையில் நான்கு எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தத்தின் இரண்டாவதும் நான்காவதும் அழுத்தம் பெறுதல் வழக்கம். ஜேம்ஸ் பிரவுன் என்பார் 1965ஆம் ஆண்டை ஒட்டி அவ்வழுத்தத்தின் தலைமையை முதலெண்ணிக்கைக்கு மாற்றினார். நம் வித்துவான்கள் சமம் என்று சொல்லும் அவ்விடத்தில் எல்லா வாத்தியமும் ஒருங்கே வந்து விழவேண்டும். விழுந்தபின் அவரவர் வழியே சிதறவேண்டும். கிதாரும் ஊதுகருவிகளும் இராகம் பாடுவதை விட்டு முழவுபோலத் தட்டித் தட்டி ஒதுங்கும். அத்தட்டுக்களுக்கு இடையேயுள்ள மௌனத்தில் பாஸ் கிதார் என்னும் தடித்த தந்திக்கருவி தாழ்ந்த குரலில் நடைபோடும். அந்நடைதான் ஃபங்க்கின் உயிர். எங்கள் பக்கத்துச் சாவு வீட்டிற் பறை முழங்கக் கேட்டவர்க்கு இவ்விலக்கணம் விளங்குதற்கு ஆசிரியர் தேவையில்லை.

அரிய தட்டு என்று அந்த அறிவிப்பாளர்கள் ஏன் அடிக்கடி பெருமை பேசுகின்றனர் என்பது முதலில் எனக்கு விளங்கவில்லை. பின்னர் ஒரு வரலாற்றைக் கேட்டேன். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் காஷ்மியர் என்னும் உயர்நிலைப் பள்ளி. அங்கே இசையாசிரியராயிருந்த கான்ராட் ஜான்சன் என்பவர் 1960களின் இறுதியில் தம் மாணவர் வாத்தியக் குழுவை ஃபங்க் வாசிக்கப் பழக்கினார். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்! போட்டிகளில் வென்றனர்; தட்டுக்களும் சிறிய அளவிற் பதிப்பித்தனர். ஆசிரியர் 1978ஆம் ஆண்டு ஓய்வுபெற்றார், குழுவும் மறைந்தது, தட்டுக்கள் பரண்களிலும் பழம்பொருட் கடைகளிலும் கிடந்தன. பல்லாண்டு கழிந்தபின் தட்டு சேகரிப்போர் கையில் அவை சிக்கி, 2006ஆம் ஆண்டு மீண்டும் வெளிவந்தன. 2008ஆம் ஆண்டு, நரை கண்ட அம்மாணவர்கள் ஒன்றுகூடித் தம் ஆசிரியர் முன்னிலையில் மறுபடி வாசித்தனர். சில நாட்களில் அவர் தம் 92ஆம் அகவையில் காலமானார். ஆசிரியர் பெருமக்கள் இச்செய்தியைச் சற்றே நின்று படிப்பார்களாக.

நம் நாட்டிலும் இத்தகையதொன்று உளது. ரூபா விஸ்வாஸ் என்னும் வங்கப் பெண் 1982ஆம் ஆண்டு கானடா நாட்டிற் கால்கரி நகரில், ஆஷிஷ் கானின் சரோத் துணையோடு, 'டிஸ்கோ ஜாஸ்' என்னும் தட்டைப் பாடிப் பதிந்தார். கல்கத்தாவில் அது விலைபோகவில்லை. அவரும் அதை மறந்து இல்லறத்தில் அமைந்தார். முப்பது ஆண்டுகளுக்குமேற் கழிந்தபின், உலகெங்கும் இளைஞர் அப்பாட்டிற்கு ஆடுகின்றனர் என்பது இணையத்தின் வழியே வீட்டிற்குத் தெரியவந்தது. 2019ஆம் ஆண்டு சிக்காகோ நிறுவனமொன்று அதனை மறுபதிப்புச் செய்தது. ஒரு பொருளின் அருமை அதன் எண்ணிக்கைக் குறைவில் இல்லை. எத்துணைப் பேர் அதனை எறிந்துவிட்டனர் என்பதில் உளது போலும் என்று அப்போது எண்ணினேன். எறிந்தவருள் யானும் ஒருவன் என்பது அன்று நினைவில் எழவில்லை.

நிற்க. அவ்வாண்டு ஜூன் திங்களில் ஓரிரவு. இங்கே மணி இரண்டரை. லண்டனில் முன்னிரவு பத்து. அறிவிப்பாளர் ஆப்பிரிக்கத் தட்டு ஒன்றும் பிரேசில் தட்டு ஒன்றும் வைத்து முடித்து, அடுத்துவருவது மதராஸ் நகரத்துத் தட்டு என்றார். எழுந்து உட்கார்ந்தேன். ஊசி விழும் ஓசை, சிறிது கரகரப்பு, பின் பாட்டு. 1981ஆம் ஆண்டு பாரதிராஜா இயக்கி வெளிவந்த 'டிக் டிக் டிக்' என்னும் திரைப்படத்திற்கு இளையராஜா அமைத்த பாட்டுக்களுள் ஒன்று அது.

அப்பாட்டை யான் அறியேனா? அடியும் எழுத்தும் அறிவேன். பதினைந்து வயதில், தெருமுனையில், கோயிலில், மணவீட்டில், தேர்தல் கொட்டகையில் எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் அன்றிரவு என் காதில் ஒலித்தது நானறிந்த பாட்டன்று. குரலுக்கும் வயலினுக்கும் கீழே, நிலவறையில் ஒருவர் நடப்பதுபோல, தாழ்ந்த நாதமொன்று நடந்துகொண்டிருந்தது. நின்றது, தாவிற்று, சமத்தில் வந்து விழுந்தது, மறுபடி நழுவிச் சென்றது. பாஸ் கிதார்! அஃது இப்பாட்டில் இருந்ததென்பதையே யான் நாற்பதாண்டு அறிந்திலேன். பாட்டு முடிந்தது. இத்தட்டை மிகுந்த பொருள் கொடுத்துப் பெற்றதாகவும், இந்தத் தாழ்நாதத்தை வாசித்தவர் யாரென்பதைத் தட்டின் உறை சொல்லவில்லை என்பதே தம் வருத்தம் என்றும் அறிவிப்பாளர் கூறினார். பின்னர் வேறு பாட்டு வந்தது. யான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

கேளாமைக்குக் காரணம் பௌதிக நூலில் உளது. பாஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. விழாக்களிற் கட்டும் குழாய் என்னும் கூம்பு ஒலிபெருக்கியோ, குரலை அரைமைல் தொலைவுக்கு எறிவதற்கென்று அமைந்தது. இருநூறு, முந்நூறு அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை அஃது ஏறக்குறைய விழுங்கிவிடும். ஆகவே எங்கள் தெருவார் அக்காலத்துப் பாட்டுக்களை எல்லாம் அடித்தளமின்றியே கேட்டு வளர்ந்தோம்.

அந்தக் குழாய்களைக் கட்டியவர் யார் என்பதை இனிச் சொல்லவேண்டும். அவர் எந்தை, எங்கள் வழக்கில் நைனா.

இராயபுரம் கல்மண்டபத்தருகே ஒரு சந்தில் நைனா மைக்செட் கடை வைத்திருந்தார். ஆம்ப்ளிபயர் இரண்டு, குழாய் ஆறு, தட்டுச்சுழலி ஒன்று, கம்பிச் சுருள்கள், இவற்றை ஏற்ற மீன்பாடி வண்டி ஒன்று. கெட்டுப்போன உறுப்புக்களை ரிச்சித் தெருவில் வாங்குவார். பழந்தட்டுக்களை மூர் மார்க்கெட்டில் பேரம் பேசுவார். மணவீட்டில் முதலில் வைக்கவேண்டியது எது என்பதில் அவருக்கு ஓர் ஆகமமே உண்டு. இந்து வீடாயின் பிள்ளையார் பாட்டு. கிறித்தவ வீடாயின் மாதா பாட்டு. முசுலிம் வீடாயின் நாகூர் ஹனீபா. இவற்றுக்குப் பின்னரே திரைப்பாட்டு. ஆடித் திங்களிற் கூழ் வார்க்கும் கோயில்களிலும், மாசியில் ஒற்றியூர்த் திருவிழாவிலும், படகுக்காரர் கட்டிய புனித பேதுரு ஆலயத்துத் திருநாளிலும் அவர் குழாய் ஒலித்தது. தட்டின் மேல் தூசி படியவிடார். ஈரத்துணியாலன்றித் தம் பழைய பட்டு மேல்துண்டின் கிழிசலால் துடைப்பார். வீட்டில் எங்களுக்கு அத்துணைப் பட்டு இல்லை என்று என் தாய் குறைகூறுவதுண்டு.

புதுத் தட்டு வாங்கினால், அதனை முதலிற் குழாயிற் போடமாட்டார். கடையின் பின்புறம் மரப்பெட்டியில் அடைத்த பெரிய ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதிலே வைத்து, பெட்டியின் மேல் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சூடேறுகின்றதா என்று பார்க்கின்றார் என யான் எண்ணிக்கொண்டேன். கேட்கவும் இல்லை.

1984ஆம் ஆண்டு யான் நம் கல்லூரியிற் சேர்ந்தேன். எங்கள் சந்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல்வன் யானே. இங்கே ஆங்கிலக் கவிகளைக் கற்றேன். மேனாட்டுச் சங்கீதம் கேட்கும் நண்பர்களைப் பெற்றேன். அவர்கள் வீடுகளில் இசை மெல்லிய குரலில் ஒலிக்கும். கேட்போர் கால்மேற் கால் போட்டு அமர்ந்து கேட்பர். எங்கள் தெருவில் ஒலிப்பது இசையன்று, இரைச்சல் என்னும் எண்ணம் சிறிது சிறிதாக என்னுள் வேர்கொண்டது. எவரும் அதனை எனக்குக் கற்பித்தாரல்லர், யானே கற்றுக்கொண்டேன்.

1986ஆம் ஆண்டுக் கல்லூரி விழாவிற்கு ஒலிபெருக்கி அமைக்க யாரையோ அழைத்திருந்தனர். விழா நாள் பிற்பகல் யானும் நண்பர் நால்வரும் மண்டபத்துப் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். நைனா! வழக்கமாக வருவோர் வாராமையால் கடைசி நேரத்தில் அவரை அமர்த்தினர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. யான் என்ன செய்தேன் என்பதை இம்மலரில் எழுதுவதற்கே இத்துணைத் தாள் செலவழித்தேன் என்று கொள்க. யான் முகத்தைத் திருப்பி, நண்பன் ஒருவன் கூறிய ஏதோவொன்றிற்குச் சிரித்தேன். ஒரு கணம் கழிந்தது. பின்புறமிருந்து, "சார், கொஞ்சம் வழி விடுங்க, ஒயர் போகுது" என்னும் குரல் கேட்டது. யான் வழிவிட்டேன்.

அன்றிரவு வீட்டில் அவர் அதனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கல்லூரி மண்டபத்தின் கூரை உயரம் என்றும், அங்கே எதிரொலி மிகுதி என்றும் என் தாயிடம் கூறிக்கொண்டிருந்தார். அதற்குப்பின் எத்தனையோ ஆண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோம், யானும் சொல்லவில்லை.

1992ஆம் ஆண்டு நைனா காலமானார். அதற்குள் கேசட்டுக்கள் வந்து தட்டுக்களை அப்புறப்படுத்திவிட்டன. மூர் மார்க்கெட்டு 1985ஆம் ஆண்டு மே மாத இறுதியில் எரிந்துபோயிருந்தது. கடையைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. ஆம்ப்ளிபயர்களைத் தொழிற்காரர் ஒருவர் கொண்டார். தட்டுக்களை வாங்குவாரில்லை. இரண்டு சாக்கில் கட்டி, மீன்பாடி வண்டியிலேயே ஏற்றி, பழைய பேப்பர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் உறைகளைத் தனியே தாள் விலைக்கும், தட்டுக்களைத் தனியே பிளாஸ்டிக் விலைக்கும் நிறுத்தார். கிடைத்த தொகையோடு சிறிது சேர்த்து ஒரு மின்விசிறி வாங்கினேன். அதுவே இன்றும் என் தலைக்குமேற் சுழல்வது.

லண்டன் அறிவிப்பாளரின் வருத்தம் என்னையும் பற்றிக்கொண்டது. தாழ்நாதத்தை வாசித்தவர் யார்? அக்காலத்துத் தட்டுறையில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், கவிஞர், பாடியோர், நடித்தோர் முகம் இவையெல்லாம் இருக்கும். வாத்தியம் வாசித்தோர் பெயர் பெரும்பாலும் இராது. வடபழனி, சாலிக்கிராமப் பகுதிகளின் ஒலிப்பதிவுக் கூடங்களில் காலையிற் சென்று, இசையமைப்பாளர் எழுதிக்கொடுத்த சுரத்தாளைப் பார்த்து வாசித்துவிட்டு, மாலையில் வீடு திரும்பிய அம்மக்களின் பெயரை இரசிகர் சிலரே இப்போது தேடித் தொகுக்கின்றனர். இளையராஜாவின் குழுவில் நெடுநாள் பாஸ் கிதார் வாசித்தவர் சசிதரன், மேனாட்டு முழவுத் தொகுதியை முழக்கியவர் புருஷோத்தமன், விசைப்பலகை விஜி மானுவேல், கிதார் சதானந்தம். இப்பெயர்களை இங்கே அச்சிற் காண்பது எனக்கு ஒரு நிறைவு. குறித்த அப்பாட்டில் ஒலிப்பது எவர் விரல் என்பதற்கு உறையின் சான்று இன்மையால், அதனைத் துணிந்து கூறேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 'ஃபங்கி டிரம்மர்' என்னும் ஜேம்ஸ் பிரவுனின் தட்டில் கிளைடு ஸ்டபில்ஃபீல்டு என்பவர் 1969ஆம் ஆண்டு வாசித்த சில நொடி முழவை, பின்வந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுக்களில் வெட்டி ஒட்டினர். 2017ஆம் ஆண்டு அவர் இறக்குமளவும் அதனால் அவருக்குக் கிட்டிய ஊதியம் மிகச் சிறிது. நம்மவர் பாட்டையும் பிறர் வெட்டி ஒட்டாமலில்லை. 1985ஆம் ஆண்டின் 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துப் பாட்டொன்று, 2003ஆம் ஆண்டு பிளாக் ஐட் பீஸ் என்னும் அமெரிக்கக் குழுவின் தொகுப்பில் ஆட்டப்பாட்டாக மறுபிறவி எடுத்தது. மகானின் சரிதம் நடன அரங்கிற்கு அடிப்படையாயிற்று! 1977 முதல் 1983 வரை இளையராஜா அமைத்த இத்தகைய பாட்டுக்களை 'சொல்லச் சொல்ல' என்னும் தலைப்பில் பிரிட்டிஷ் நிறுவனமொன்று தொகுத்து வெளியிட்டதும் உண்டு. அத்தொகுப்பை வாங்க யான் கொடுத்த விலை, நைனாவின் தட்டுக்கள் முழுமைக்கும் பேப்பர்க் கடைக்காரர் தந்ததைவிடப் பல மடங்கு.

ஊரடங்கு நீங்கியபின், சென்ட்ரல் நிலையத்தருகே மூர் மார்க்கெட்டு வணிகருக்கென அமைந்த அல்லிக்குளம் கட்டடத்திற்குப் போனேன். மூன்று நான்கு கடைகளில் பழந்தட்டுக்கள் அடுக்கியிருந்தன. என்னை அயலூர்ச் சேகரிப்பாளன் என்று கருதி விலையை ஏற்றினர். தேடிய தட்டு ஒரு கடையில் இருந்தது. இல்லை, உறை இருந்தது. உள்ளே வேறொரு படத்துத் தட்டு. வாங்காமல் திரும்பினேன்.

திரும்பும் வழியில் ஒரு நினைவு தோன்றிற்று. நைனாவோடு இருபதாண்டு உழைத்த ஒருவர் உளர். தென்னையிலும் விளக்குக் கம்பத்திலும் ஏறிக் குழாய் கட்டியவர் அவரே. யான் சிறுவனாயிருந்தபோது என்னைத் தோளில் ஏற்றித் திருவிழாக் காட்டியவரும் அவரே. கடலோரக் குப்பத்தில் வீடிழந்து, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் எர்ணாவூரிற் கட்டிய குடியிருப்பில் மகளோடு வாழ்கின்றார் என்று கேள்வியுற்றிருந்தேன். விசாரித்துக் கண்டுபிடித்தேன். கண்ணொளி மங்கியிருந்தது. குரலை வைத்தே, "யாரு, மைக்செட்டுக்காரர் பையனா? வா தம்பி" என்றார்.

நெடுநேரம் பழங்கதை பேசினோம். பின்னர் யான் அந்த லண்டன் நிகழ்ச்சியின் பதிவைக் கைப்பேசியில் எடுத்து, "அண்ணே, இதைக் கொஞ்சம் கேளுங்கள்" என்று இயர்போனை அவர் காதில் வைத்தேன். இயர்போனை அவர் முன்பு அணிந்தவரல்லர் போலும்; இரு கையாலும் அதனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாட்டு ஓடிற்று. அவர் வலக்கை மெல்லக் கீழிறங்கி, அருகிலிருந்த மரமுக்காலியின் மேல், விரல்களை விரித்து உள்ளங்கையாய்ப் பதிந்தது.

யான் திடுக்குற்றேன். "நைனாவும் இப்படித்தான் பெட்டியின்மேற் கை வைப்பார். சூடு பார்க்கின்றார் என்று நினைத்திருந்தேன்" என்றேன்.

"சூடு பார்க்கிறது என் வேலை. அவரு பேஸ் பார்ப்பாரு" என்றார் முதியவர். "குழாயிலே அது வராதுன்னு அவருக்குத் தெரியும். ஊருக்குக் கேட்காட்டியும் தட்டிலே இருக்குதான்னு கையாலே பார்த்துட்டுத்தான் வாங்குவாரு. இந்தத் தட்டுக்கு மூணு தடவை வெச்சு வெச்சுப் பார்த்தாரு. பையன் பெரிய படிப்புப் படிக்கட்டும், அப்புறம் அவனுக்கு இதைப் பெட்டியிலே போட்டுக் காட்டணும்னு சொல்லுவாரு. காட்டினாரா?"

யான் விடை கூறவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. பாட்டின் நடுவில் சட்டென இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இது நம்ம தட்டு இல்லே தம்பி" என்றார்.

"எப்படித் தெரியும் அண்ணே?"

"நம்ம தட்டிலே ரெண்டாம் சரணத்துக்கு முன்னாலே ஒரு கீறல் உண்டு. ஊசி அங்கே தாண்டும். உங்க நைனா அந்த இடம் வரும்போது மட்டும் ஆள்காட்டி விரலாலே மெதுவா ஒரு தட்டு தட்டுவாரு. இதிலே அது இல்லே." சற்று நேரம் வாளாவிருந்தார். பிறகு, "இருந்தாலும் பரவாயில்லே, முதல்லேயிருந்து வை" என்று கூறி, முக்காலியை என் பக்கமாகச் சிறிது நகர்த்தினார்.